பொழுது சாய்வதற்குள் போட்ட மாத்திரை

தம்பி,

உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. குழந்தை பிறந்த சந்தோஷத்தில் நீ எழுதிய போன கடிதத்தை நான் தெருவுக்கே படித்துக் காட்டினேன். இதை உன் அப்பாவுக்கு மட்டும் படித்துக் காட்டினேன். லீவில் வந்து ஜெயந்தியைப் பார்த்துவிட்டு நாக்பூர் திரும்பியதிலிருந்து உனக்கு வேலை ஓடவில்லை என்று எழுதியிருக்கிறாய். குழந்தையைக் கையில் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறாள், கொடுக்காவிட்டால் கேட்பதில்லை, யார் பேசினாலும் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள், தூக்கம் என்பதே இல்லை என்கிறாய். பச்சை உடம்பு, மூன்று மாதம் போனால் சரியாகிவிடும் என்று உன் மாமியார் சொல்கிறார்களாம். அதை நம்பிவிட வேண்டும் என்று உனக்கும் ஆசையாக இருக்கிறது, எழுத்திலேயே தெரிகிறது. கடைசியில் கோடு போட்டு ஒரு வரி எழுதியிருக்கிறாய், வெளியே யாருக்கும் தெரிய வேண்டாம் என்று. தம்பி, இந்த விஷயத்தில் நான் வெளி ஆள் இல்லை. உள்ளேயே இருந்துவிட்டு வந்தவள். உனக்குத்தான் நாங்கள் யாரும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், நிதானமாகப் படி.

நீ கோயம்புத்தூரில் காலேஜ் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போன வருஷம்தான் உன் தங்கை சுமதி என் வயிற்றில் வந்தாள். உனக்கு மீசை அரும்புகிற வயதில் உன் அம்மாவுக்கு வயிறு தள்ளினால் ஊர் சும்மா இருக்குமா? நம் மண்டியில் மல்லாட்டைக் கடலை மூட்டை இறக்குகிறவர்கள்கூட, இந்த வருஷம் முதலாளிக்கு ரெண்டாம் போகமாமே என்று உன் அப்பாவைக் கிண்டல் செய்தார்களாம். அவர் வீட்டுக்கு வந்து என்னிடம் அதைச் சொல்லிச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயம்தான் வந்தது. உன்னைப் பெற்று இத்தனை வருஷம் கழித்து, அந்த வயதில் ஒரு பிரசவம். லேடி டாக்டர் வேறு ஒவ்வொரு தடவையும் உதட்டைப் பிதுக்குவாள். அதனால் நான் கோவிலில் பகவான் முன்னால் நின்று ஒரு விரதம் எடுத்துக்கொண்டேன். நம் ஜைனர் வீடுகளில் பொழுது சாய்ந்த பிறகு யாரும் சாப்பிடுவதில்லை, அது உனக்கே தெரியும். ஆனால் தண்ணீர், மருந்து இதற்கெல்லாம் நம் வீட்டில் தடை கிடையாது. நான் அதை இன்னும் இறுக்கிக்கொண்டேன். பிள்ளை நல்லபடி பிறந்து, எழுந்து நடக்கிற வரைக்கும் பொழுது சாய்ந்தால் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றுவதில்லை என்று. யாரும் கேட்கவில்லை, நானாகக் கொடுத்த வாக்கு.

பிள்ளை நல்லபடியாகத்தான் பிறந்தது. நான்தான் நல்லபடியாக இல்லை. இதை எப்படி எழுதுவது என்று யோசித்துப் பார்த்தேன், இருந்ததை இருந்தபடியே எழுதுகிறேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. துக்கம் என்று சொன்னால்கூடத் தப்பு. அழுகை வந்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும். குழந்தை அழுவது காதில் விழும், பக்கத்து வீட்டுக் குழந்தை அழுவது போல இருக்கும். பால் கொடுப்பேன், துணி மாற்றுவேன், எல்லாம் கை செய்யும். இவள் என் பெண் என்று எனக்கு நானே சொல்லிப் பார்ப்பேன், சொல்லும் போதே அலுப்பாக இருக்கும். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே காரணத்தைச் சொன்னார்கள். தோளுக்கு மேல் வளர்ந்த பையன் இருக்கும்போது பெற்றுக்கொண்டோமே என்று வெட்கம், அதான் முகம் கொடுக்க மாட்டேன் என்கிறாள் என்று. இதில் வேடிக்கை என்னவென்றால் நானும் அதை நம்பினேன். லேடி டாக்டர் ரத்தம் கம்மி என்று டானிக் எழுதிக் கொடுத்தாள். எதிர்வீட்டுக்காரி, ஏதோ காத்து பிடித்திருக்கிறது, கூட்டிக்கொண்டு போய் விரட்டிவிட்டு வரலாம் என்றாள். உன் அப்பா அவளுக்குக் காபி கொடுத்து அனுப்பிவைத்தார். அந்த ஒரு காரியத்துக்காகவே அவருடைய குறட்டையை நான் ஆயுசுக்கும் பொறுத்துக்கொள்வேன்.

அப்போதுதான் விழுப்புரத்து அத்தை என்னைப் பார்த்துக்கொள்ள வந்தாள். உன் அப்பாவுக்கு அக்கா, பிள்ளை இல்லாதவள், சுமதியைத் தூக்கினால் கீழே விடமாட்டாள். மாமா ரயில்வேயில் கார்டாக இருந்தாரே, அவர் ஒரு நாள் டியூட்டி முடிந்து இங்கே வந்தபோது என்னைச் சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது உன் அப்பாவை வாசலுக்குக் கூப்பிட்டு, விழுப்புரத்தில் ஒரு டாக்டர் சனிக்கிழமை மத்தியானம் மட்டும் வந்து உட்காருகிறார், பாண்டிச்சேரிக்காரர், மனசுக்கு வைத்தியம் பார்க்கிறவர், எங்கள் டிரைவர் ஒருத்தர் அவரிடம் போய்த்தான் தேறினார் என்று சொல்லியிருக்கிறார். அன்றைக்கு வீட்டில் நடந்த சண்டை எனக்கு நினைவிருக்கிறது. அத்தை ஒரே பிடியாகப் பிடித்தாள். "அங்க போனான்னு வெளிய தெரிஞ்சா நாளைக்கு பையனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" என்றாள். பார்த்தாயா, உனக்குக் கல்யாணம் ஆகாதே என்று அப்போதே கவலைப்பட்டிருக்கிறார்கள். இப்போது உன் மாமியாரும் அதே கணக்குத்தான் போட்டுக்கொண்டிருப்பார்கள், ஜெயந்திக்குப் பின்னால் இரண்டு பெண்கள் நிற்கிறார்களே. அவர்கள்மேல் கோபப்படாதே.

கடைசியில் கண் காட்டப் போகிறோம் என்று ஊருக்குச் சொல்லிவிட்டுப் போனோம். பொய் சொல்வதில் ஒரு பேஜாரு, அதை நடத்திக்காட்ட வேண்டும். கண் டாக்டரிடம் போய்விட்டு வெறும் முகத்தோடு வந்தால் எதிர்வீட்டுக்காரி கேட்பாளே என்று உன் அப்பா விழுப்புரம் கடைத்தெருவில் எனக்கு ஒரு கண்ணாடி வாங்கி மாட்டிவிட்டார். நீ லீவுக்கு வந்தபோது, கண்ணாடி போட்டால் டீச்சர் மாதிரி இருக்கிறாய் என்று சொன்னாயே, அது வெறும் ஜன்னல் கண்ணாடிதான். டாக்டர் உட்கார்ந்தது மருந்துக்கடைக்கு மேலே மாடியில் ஒரு அறை. வெளியே போர்டு கிடையாது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் தலையில் துண்டும் முந்தானையும் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தர் உன் அப்பாவோடு தினமும் மண்டியில் பேரம் பேசுகிறவர். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காதது போல அவ்வளவு நேரமும் உட்கார்ந்திருந்தார்கள். அவரும் கண் காட்டத்தான் வந்திருப்பார்.

டாக்டர் நல்ல மனிதர்தான். ஆனால் கேட்டதெல்லாம் உன் அப்பாவை. எப்போதிருந்து இப்படி, தூங்குகிறார்களா, சாப்பிடுகிறார்களா என்று அவர் கேட்க, உன் அப்பா எனக்காகப் பதில் சொன்னார். நான் பக்கத்தில் உட்கார்ந்து யாரைப் பற்றியோ பேசுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். இது பிரசவத்துக்குப் பிறகு வருகிற ஒரு வியாதி, வெட்கமும் இல்லை காத்தும் இல்லை, மாத்திரையில் குணமாகும், ராத்திரி படுக்கப் போகும்போது ஒன்று போட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். பஸ்ஸில் வரும்போதுதான் எனக்கு விரதம் ஞாபகம் வந்தது. படுக்கப் போகும்போது என்றால் பொழுது சாய்ந்திருக்குமே. உன் அப்பாவிடம் சொன்னேன். அதற்கென்ன, மாத்திரை எப்போது போட்டால் என்ன, சாயங்காலம் சாப்பிட்ட கையோடு போட்டுவிடு, வெளிச்சம் இருக்கும்போதே உள்ளே போய்விடும் என்றார். எனக்கும் சரி என்றுதான் பட்டது. டாக்டரிடம் திரும்பிப் போய் இதைக் கேட்க வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. நம் வீட்டு விரதம் நம்மோடு, மாத்திரை அவரோடு என்று நினைத்துக்கொண்டோம்.

அது தூக்கம் தருகிற மாத்திரை. வெயில் தாழ்வதற்கு முன் போட்டால் என்ன ஆகும்? விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சரியாக நான் அடித்துப் போட்டது போலச் சாய்ந்துவிடுவேன். ஒரு வீட்டில் எந்த நேரத்தில் பொம்பளை படுக்கக்கூடாது என்பார்களோ அந்த நேரம். குழந்தை சிணுங்க ஆரம்பிக்கும், உன் அப்பா மண்டியிலிருந்து வருவார், பார்க்க வருகிற நாலு பேரும் அப்போதுதான் வருவார்கள். நான் வாயைப் பிளந்து கிடப்பேன். எல்லோரும் தூங்கிய பிறகு எனக்கு முழிப்பு வந்துவிடும். அத்தை பார்த்தாள். "பைத்தியத்துக்கு குடுக்கற மாத்திரைடா அது. போட்டா இப்படித்தான் கட்டையா கெடப்பா. புள்ள கத்தறது காதுல விழல பாரு" என்று உன் அப்பாவிடம் சொல்லி, மாத்திரையை எடுத்து வைத்துவிட்டாள். கெட்ட எண்ணத்தில் இல்லை. கண்ணால் கண்டதைத்தான் சொன்னாள். மருந்து வேலை செய்ய ஆரம்பிக்கும் முன்பே நின்றுபோனது. எனக்கு வந்துகொண்டிருந்த அந்தக் கொஞ்சத் தூக்கமும் போனது.

அப்புறம் நான் குளிப்பதையும் விட்டேன். உன் அப்பா மண்டியைப் பார்ப்பாரா, என்னைப் பார்ப்பாரா, குழந்தையைப் பார்ப்பாரா? குழந்தையை அத்தை விழுப்புரத்துக்கு எடுத்துக்கொண்டு போய் வளர்ப்பது என்று பேசி முடித்தார்கள். அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்து, "புள்ளைய நான் எடுத்துக்கினு போறேம்மா. நீ தேறினா பாத்துக்கலாம்" என்றாள். தேறினால் என்ற பேச்சு பேச்சுக்குத்தான், குழந்தை திரும்பி வராது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நான் சரி என்றேன். தம்பி, நான் அழுதுகொண்டு சரி என்று சொல்லவில்லை. கடைக்காரன் மிச்சம் கொடுத்தால் வாங்கிக்கொள்வது போலச் சொன்னேன். ஜெயந்தியைப் பார்த்து உனக்குப் பயம் வருகிறதே, அதைவிட அதிகமாக அன்றைக்கு உன் அப்பா பயந்துபோனார். பத்து மாதம் சுமந்தவள் கேட்ட மாத்திரத்தில் கொடுக்கிறாளே, இவள் இனி இல்லை என்று நினைத்துவிட்டேன் என்று பின்னால் சொன்னார்.

குழந்தையைக் கொண்டுபோய் விடுவதற்காக நாங்கள் விழுப்புரம் போனது ஒரு சனிக்கிழமை. மாமாவுக்கு மனசு கேட்கவில்லை. வந்தது வந்தீர்கள், டாக்டர் இங்கேதான் இருக்கிறார், இன்னொரு தடவை காட்டிவிட்டுப் போங்கள் என்று பிடிவாதம் பிடித்தார். உன் அப்பா பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார், உள்ளே வந்து பதில் சொல்ல அவருக்குத் தெம்பில்லை. குழந்தையை வைத்துக்கொண்டு அத்தைதான் என்னோடு உள்ளே வந்தாள். அதனால் ஒரு நன்மை, டாக்டர் என்னையே கேட்க வேண்டியதாயிற்று. மாத்திரையை எப்போது போட்டீர்கள் என்றார். சாயங்காலம் சாப்பிட்டவுடன் என்றேன். மணி எவ்வளவு இருக்கும் என்றார். பொழுது சாய்வதற்குள் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஏன் என்று கேட்டார். அத்தனை மாதத்தில் என்னை ஒருத்தர் ஏன் என்று கேட்டது அதுதான் முதல் தடவை. நான் விரதத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. இந்த மாத்திரையை ஒன்பது மணிக்குப் போட்டால் விடியும்வரை தூங்குவீர்கள், சாயங்காலம் குழந்தையோடு இருப்பீர்கள், சில வாரம் விடாமல் போட்டால்தான் குணம் தெரியும் என்று விளக்கினார். விரதத்தை விடச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, நீங்கள்தான் யோசிக்க வேண்டும் என்றார். என்னால் யோசிக்க முடிந்தால் நான் ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறேன்? விரதம் முறிந்தால் பிள்ளைக்கு ஆகாது என்று மட்டும் சொன்னேன்.

அத்தைதான் பேசினாள். மாத்திரை கட்டையாக்கவில்லை, போட்ட நேரம்தான் கட்டையாக்கியது என்று அவளுக்கு அந்த நிமிஷத்தில் புரிந்திருக்க வேண்டும். அவள் மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நான் தேறாமல் போனால் அது அவளுடையது. ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருந்தாலே போதும்.

"அந்த விரதத்த நான் எடுத்துக்கறேன் சார்" என்றாள். "இன்னியிலேர்ந்து பொழுது சாஞ்சா நான் வாயில தண்ணி ஊத்த மாட்டேன். அவ மாத்திரை போட்டுக்கட்டும்."

அப்படி ஒருத்தர் விரதத்தை இன்னொருத்தர் மாற்றிக்கொள்ள நம் மதத்தில் இடம் உண்டா என்று நான் இதுவரை யாரையும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். அத்தை யார் என்று யோசித்துப் பார். ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் போன பிறகு நம் வழக்கத்தையெல்லாம் தளர்த்திவிட்டவள். மாமா எந்த நேரத்தில் டியூட்டி முடிந்து வந்தாலும் கூட உட்கார்ந்து காபி குடிப்பாள். அந்த ஒரு டம்ளர் காபிதான் அவர்கள் இரண்டு பேருக்கும் வாழ்க்கையில் இருந்த கொண்டாட்டம். அன்றோடு அதை விட்டாள். சுமதி நடக்க ஆரம்பித்த பிறகும், பழகிவிட்டது என்று இன்றுவரை பொழுது சாய்ந்தால் குடிப்பதில்லை. மாமா தனியாகத்தான் குடிக்கிறார். வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அத்தையைக் காபி குடிக்கச் சொல்லி நீ வம்பு செய்வாயே, இனிமேல் செய்யாதே.

குழந்தையை மட்டும் இல்லை, என்னையும் அத்தை தன்னோடு வைத்துக்கொண்டாள். ராத்திரி அவளே மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து கொடுப்பாள். முதலில் தூக்கம் வந்தது. பிறகு பசி வந்தது. ரயில் சத்தம் காதில் விழ ஆரம்பித்தது. குழந்தைமேல் மட்டும் ஒன்றும் வரவில்லை. வராமலே போய்விடும் என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் காலையில் அத்தை வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து சுமதிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு, என் பொண்ணு, என் ராசாத்தி என்று கொஞ்சிக்கொண்டிருந்தாள். தினமும் கொஞ்சுவதுதான். அன்றைக்கு எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, அடிவயிற்றிலிருந்து கோபம் வந்தது.

"அது ஒண்ணும் உங்க பொண்ணு இல்லக்கா, என் பொண்ணு. குடுங்க இங்க" என்று கத்திவிட்டேன்.

எனக்காக விரதத்தைச் சுமந்தவளிடம், சோறு போட்டவளிடம், அப்படிக் கத்தினேன். அத்தை எண்ணெய்க் கையோடு குழந்தையை என் மடியில் போட்டாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். அதில் அவளுக்கு எவ்வளவு சந்தோஷம், எவ்வளவு இழப்பு என்று எனக்குத் தெரியும், நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. மாமாவை எழுப்பி, திண்டிவனம் போகிற வண்டியில் உன் அப்பாவுக்குச் சேதி சொல்லி அனுப்பச் சொன்னாள். "உன் பெண்டாட்டி என்னோட சண்டை போட்டுட்டா" என்று. உன் அப்பா விஷயம் புரியாமல், இரண்டு பொம்பளைகளையும் சமாதானம் செய்ய வேண்டுமே என்று பயந்துகொண்டு அடுத்த பஸ்ஸில் ஓடிவந்தார். வந்து பார்த்தால் நான் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அத்தை எனக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருக்கிறாள்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ யாருக்கும் தெரிய வேண்டாம் என்றாய், நான் இன்று காலை முதல் பஸ்ஸில் செஞ்சி போய், அங்கிருந்து உன் மாமியார் வீட்டுக்குப் போய், இதையெல்லாம் அவர்களிடம் சொல்லிவிட்டு வந்தேன். நீங்களா சம்பந்தி, என்று உன் மாமியார் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வாயால் கேட்டதனால்தான் நம்பினார்கள், டாக்டர் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள். வருகிற சனிக்கிழமை ஜெயந்தியை விழுப்புரம் அழைத்துப் போகிறோம். நான், அவள் அம்மா, அத்தையும் வருகிறாள். டாக்டர் இப்போதும் வருகிறார். கண் காட்டப் போகிறோம் என்று சொல்லிவிடலாமா என்று உன் மாமியார் கேட்டார்கள். வேண்டாம், உடம்பு சரியில்லை, டாக்டரிடம் போகிறோம், அது போதும் என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே. பிறகு ஜெயந்தி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் கழித்து அவளாகச் சொன்னாள், "எனக்கு ஒண்ணுமே தோண மாட்டேங்குது அத்தை." எனக்கும் அப்படித்தான் இருந்தது, அப்புறம் தோன்றியது என்றேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான் நடந்தது, ஆனால் நீ இருந்திருந்தால் அந்தப் பார்வையைப் பார்த்திருப்பாய்.

நீ செய்ய வேண்டியது கொஞ்சம்தான். தைரியமாக இரு என்று அவளுக்கு எழுதாதே, முடிந்தால் அவள் இருக்க மாட்டாளா? உன் மெஸ் சாப்பாடு, மழை, பக்கத்து அறைக்காரன் பாடுகிற பாட்டு, இப்படி எதையாவது எழுது. பதில் எதிர்பார்க்காதே. லீவு கிடைக்கும்போது ஒரு சனிக்கிழமை நீயும் டாக்டரிடம் போ, ஆனால் அவர் கேட்கிற கேள்விக்கு அவளே பதில் சொல்லட்டும், எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, நீ வாயை மூடிக்கொண்டிரு. மாத்திரையை நிறுத்தச் சொல்லி யாராவது சொல்வார்கள், நம் வீட்டிலேயே சொல்வார்கள். டாக்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிடு. அவள் ஏதாவது விரதம் எடுத்திருக்கிறாளா என்றும் நான் கேட்டேன். இல்லையாம். இருந்தாலும் எடுத்துக்கொள்ள இங்கே ஆள் இருக்கிறது, இந்த முறை அத்தை இல்லை, நான்.

அவள் சிரிக்கிறாளா என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருக்காதே. சிரிப்பு கடைசியில்தான் வரும். ஒரு நாள், நீ குழந்தையைத் தப்பாகத் தூக்கினாய் என்றோ, ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டாய் என்றோ உன்மேல் எரிந்து விழுவாள். குரலை உயர்த்திக் கத்துவாள். நீ பதிலுக்கு ஒன்றும் பேசாமல் நேரே தந்தியாபீசுக்குப் போ. சண்டை போட்டாள் என்று மட்டும் எனக்குத் தந்தி அடி. அதற்குமேல் ஒரு வார்த்தையும் வேண்டாம், நாங்கள் இங்கே புரிந்துகொள்வோம்.

அம்மா